சாம்பல் நிறப் பட்டன்

ஜனவரி 3, புதன்

உரக்கடையில் கொடுத்த டைரியை ஜெயக்கொடி அக்கா எனக்குத் தந்தாள். "பேசத்தான் மாட்டேங்க, எழுதவாவது செய்" என்றாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியின் படமும், அதற்கு என்ன மருந்து அடிக்க வேண்டும் என்பதும் அச்சடித்திருக்கிறது. இன்றைய பூச்சி தண்டுத்துளைப்பான்.

நான் வேலை பார்ப்பது சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அக்காவின் கம்ப்யூட்டர் கடையில். ஜெராக்ஸ், ஈபி பில், ரயில் டிக்கெட். முன்னால் உட்கார்ந்து ஆட்களிடம் பேசுவது அக்கா. பின்னால் உட்கார்ந்து அமுக்குவது நான்.

இந்த வருஷம் ஒரு புது வேலை சேர்ந்திருக்கிறது. திருநெல்வேலியில் எங்கள் ஊர்க்காரர்கள் போகும் பெரிய ஆஸ்பத்திரியில் ஆன்லைனில்தான் டோக்கன். போன மாதம் யாரோ பையன்கள் அவர்களுடைய பி.டி. சாருக்கு மூல சிகிச்சைக்குப் பதிவு செய்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பள்ளிக்கூடத்துக்கே போன் வந்து, பிரேயரில் வைத்து சாரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதிலிருந்து பதிவு செய்தால் முதலில் ஒரு மெயில் வருகிறது. 'உங்கள் பெயரில் ஒரு முன்பதிவு வந்துள்ளது. இந்தச் சிகிச்சைக்கு வர உங்களுக்குச் சம்மதமா?' என்று கேட்கிறது. கீழே பச்சையில் பெரிதாக 'ஆம், சம்மதம்'. அதை அமுக்கினால்தான் டோக்கன்.

எங்கள் ஊரில் மெயில் ஐடி இருப்பவர்கள் நிறையப் பேர். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள்தான் இல்லை. அதனால் அக்கா எல்லோருக்கும் கடை ஐடியையே போட்டுவிடுகிறாள். எல்லா மெயிலும் என் கம்ப்யூட்டருக்கு வரும். "பச்சையை அமுக்கு, வேற ஒண்ணும் யோசிக்காத" என்று சொல்லிக்கொடுத்தாள்.

இன்று ஒரு மூலம், ஒரு கண்புரை, இரண்டு முழங்கால், ஒரு தலைப்பிரசவம். எல்லாவற்றுக்கும் சம்மதித்தேன்.

ஜனவரி 5, வெள்ளி

ஒரு குடல் ஆபரேஷனுக்குச் சம்மதம் கொடுத்தேன். மற்றபடி விசேஷம் இல்லை. வெள்ளை ஈ.

ஜனவரி 8, திங்கள்

பச்சைப் பட்டனுக்குக் கீழே இன்னொன்று இருப்பதை இன்றுதான் கவனித்தேன். சாம்பல் நிறத்தில், சின்னதாக, 'இல்லை' என்று. அக்காவைக் கூப்பிட்டு விரலால் காட்டினேன்.

"அதா? அது சும்மா கெடக்கு. லிஃப்ட்ல ஒரு மணிப் படம் போட்டிருக்கும்லா. யாராவது அமுக்குதாங்களா?"

எங்கள் ஊரில் லிஃப்ட் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போனதில்லை.

"ஏட்டி, வெளங்குச்சா?"

"ம்."

என் பெயர் பேச்சியம்மாள். அப்பா உயிரோடு இருந்தபோது குலசாமி பெயர் என்று வைத்தது. கடைக்கு வருபவர்கள் எல்லோரும் என் பெயரைக் கேட்பார்கள், அப்புறம் நான் பேசுவதற்குக் காத்திருப்பார்கள், அப்புறம் சிரிப்பார்கள். ஒரே மாதிரிதான் நடக்கும். நான் அதற்குள் பேப்பர் அடுக்கிவிடலாம்.

எனக்கு 'ம்' போதும். அதற்கு வாயைத் திறக்க வேண்டியதில்லை.

ஜனவரி 12, வெள்ளி

அம்மாவுக்குத் தறியில் லீவு. சொர்ணம் சித்தி வந்திருந்தாள். சித்தி வந்தால் முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பாள், அப்புறம் ஒரு மாப்பிள்ளை சொல்வாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"பேர் செந்தூர்பாண்டி. புளியங்குடியில தண்ணிக் கேன் போடுதான். சொந்தமா ரெண்டு லோடு ஆட்டோ. குடி கிடையாது. அம்மா மட்டுந்தான். நான் சொல்லுதது காதுல விழுதாட்டி?"

"ம்."

"அவனுக்கும் கலகலன்னு பேசுத பிள்ள வேண்டாமாம். கேக்கியா?"

"ம்."

"எக்கா, பாத்தியா. பிள்ளைக்குச் சம்மதம். போட்டோவை அனுப்பிருதேன்."

அம்மா கையில் வைத்திருந்த முருங்கைக்கீரையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷம் என்று நினைக்கிறேன். குக்கர் அடிப்பிடித்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

ஜனவரி 15, பொங்கல்

காலையில் பொங்கல் நன்றாகப் பொங்கியது. மத்தியானம் வாசலில் உட்கார்ந்து கரும்பு தின்றேன். கரும்புக்கு என் பல் நல்ல வசதி. இடது பக்கம் மேலே ஒரு பல் மற்ற பல்லுக்கு மேல் ஏறி நிற்கும். அதைக் கணுவில் மாட்டி இழுத்தால் தோல் ஒரே உரியில் வந்துவிடும். கத்தி வேண்டாம்.

அப்படி இழுக்கும்போது ஒரு லோடு ஆட்டோ நின்றது. ஒரு பெரியம்மா இறங்கினாள். "இது பேச்சியம்மா வீடா?" என்றாள். வாயில் கரும்புத்தோல் இருந்தது. தலையை ஆட்டினேன். அந்தப் பெரியம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பொங்கல் வாழ்த்து சொல்லிவிட்டு, அம்மாவிடம் ஒரு சீப்புப் பழம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

செந்தூர்பாண்டியின் அம்மாவாம். இந்தப் பக்கம் கேன் இறக்க வந்த வண்டியில் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாளாம். போட்டோவில் நான் வாயை மூடியிருந்தேன்.

ஜனவரி 18, வியாழன்

சித்தி வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பிள்ளையைப் பிடிச்சிருக்காம். வீடும் பரவாயில்லையாம். அந்தத் தெத்துப்பல்லு ஒண்ணை மட்டும் எடுத்துரணுமாம். தை கடைசியில பூ வைக்க வருவாவ. அதுக்குள்ள முடிச்சிரணும்."

"எடுக்கதுன்னா வலிக்காதா?" என்றாள் அம்மா.

"ஊசி போட்டுத்தான எடுப்பான். முப்பத்திரண்டு கெடக்குல்லா வாயில. ஒண்ணு போனா என்ன? அவ என்ன, பேசவா போறா?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் என்னைத் தேங்காய்த்துருவி என்பார்கள். அது எழுத வேண்டியதில்லை, ஆனால் எழுதிவிட்டேன். மாவுப்பூச்சி.

ஜனவரி 19, வெள்ளி

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நாலு மெயில் வந்திருந்தது. ஒரு தோள்பட்டை, பச்சை. ஒரு சர்க்கரை, பச்சை. ஒரு காது, பச்சை.

நாலாவது: 'பேச்சியம்மாள், வயது 18, பெண். பல் அகற்றுதல். ஜனவரி 27, சனி. இந்தச் சிகிச்சைக்கு வர உங்களுக்குச் சம்மதமா?'

நான் சாப்பிடப் போயிருந்தபோது சித்தி கடைக்கு வந்திருக்கிறாள். அக்கா பதிந்து கொடுத்திருக்கிறாள். அக்கா முன்னாலிருந்து திரும்பி, "கல்யாணப் பொண்ணு, எனக்குச் சொல்லவே இல்லையே" என்றாள்.

நான் அந்த மெயிலைத் திரும்பப் படித்தேன். பதினெட்டு முடிந்தவர்கள் அவர்களே உறுதி செய்ய வேண்டும் என்று கீழே போட்டிருந்தது. இருபத்தைந்தாம் தேதிக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த நேரம் வேறு ஒருவருக்குக் கொடுக்கப்படும். இது தானியங்கி மெயில், பதில் எழுத வேண்டாம்.

இவ்வளவு நாளும் ஊரில் உள்ளவர்களுக்காக அமுக்கினேனே தவிர, அந்த வரியை வரியாகப் படித்ததில்லை. 'உனக்கு' என்று இல்லை. 'உங்களுக்கு' என்று இருக்கிறது. என்னை யாரும் 'உங்களுக்கு' என்று சொல்லி எதுவும் கேட்டதில்லை. பஸ் கண்டக்டர்கூட 'உள்ள போ பிள்ள' என்றுதான் சொல்வார்.

அமுக்காமல் வந்துவிட்டேன். கம்ப்யூட்டரை மூடும்போது எல்லாவற்றையும் சேமிக்கவா என்று கேட்டது. அதற்கும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஜனவரி 20, சனி

மழை மாதிரி இருந்தது, பெய்யவில்லை.

ஜனவரி 22, திங்கள்

இன்று கடையில் சண்டை. காரணம் நான் என்று அக்கா சொல்கிறாள்.

ராஜபாளையம் ரோட்டில் பேட்டரி கடை வைத்திருக்கிறவர் பெண்டாட்டியோடு வந்தார். அக்காவிடம் மெதுவாகப் பேசிப் பதிந்தார். மெயில் எனக்கு வந்தது. 'தங்கபுஷ்பம், வயது 41, பெண். குறட்டை சிகிச்சை.' அவர் என் பக்கம் எட்டிப் பார்த்து, "அமுக்கு பாப்பா" என்றார்.

மெயில் 'உங்களுக்குச் சம்மதமா' என்று கேட்டது தங்கபுஷ்பத்தை. அவள் பின்னால் நின்று ரயில் டைம்டேபிளைப் படித்துக்கொண்டிருந்தாள். நான் மானிட்டரை அவள் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அவள் கண்ணாடியைப் போட்டுப் படித்தாள். "கொறட்டையா? யாருக்கு?"

"சும்மா ஒரு செக்கப்புதான் பிள்ள."

"தைராய்டுக்கு டோக்கன் போடணும்னுல்லா கூட்டியாந்தீக. கொறட்டையா விடுதேன் நான்?"

"நீ தூங்கும்போது ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க விடுத கொறட்டையில ஓடு பெயர்ந்து கெடக்கு. எதுத்த வீட்டுல மணி பாக்கதே ஒங்க கொறட்டையை வச்சுத்தான். இதுல 'இல்லை'ன்னு சொல்லுத பட்டன் எது?"

என்னைத்தான் கேட்டாள். காட்டினேன். அவளே மவுஸை வாங்கி அமுக்கினாள்.

ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு மெயில் வந்தது. 'உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது. முன்பதிவு நீக்கப்பட்டது. உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.'

தங்கபுஷ்பம் அதைப் புருஷனிடம் வாசித்துக் காட்டினாள். "பாத்தீகளா? ஆஸ்பத்திரிக்காரன் வருந்துதான்." அவர் வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் செய்தார். அவள் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா?" என்றாள் அக்கா. "கம்ப்யூட்டரைத் திருப்பாத. வார ஆளெல்லாம் படிக்க ஆரம்பிச்சா கடை நடக்குமா?"

"ம்" என்றேன்.

ஆக, சாம்பல் பட்டன் சும்மா கிடக்கவில்லை. அமுக்கினால் வேலை செய்கிறது. மன்னிப்பும் கேட்கிறது.

ஜனவரி 23, செவ்வாய்

நினைவூட்டல் என்று மறுபடியும் மெயில் வந்தது. இதிலும் 'உங்களுக்கு'.

அம்மா லீவு சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸுக்குப் போக வேண்டும், வெறும் வயிற்றில் போகலாமா என்று அக்காவிடம் கேட்டு வரச் சொன்னாள். நான் கேட்கவில்லை.

கண்ணாடியில் பார்த்தேன். பல் மேலே பல். அழகு என்று சொல்ல முடியாது. ஏழாம் வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே குறடு எடுத்துவரச் சொல்லியிருப்பேன். இப்போது வேண்டுமா வேண்டாமா என்று உண்மையாகவே தெரியவில்லை. கொஞ்ச நேரம் உதட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்தாள். உதட்டை இறக்கிவிட்டேன்.

ஜனவரி 24, புதன்

சித்தி கடைக்குப் போன் செய்து டோக்கன் வந்ததா என்று கேட்டிருக்கிறாள். அக்கா என் கம்ப்யூட்டருக்கு வந்து பார்த்தாள்.

"இன்னும் பச்சையை அமுக்கலையா? ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் அமுக்குத, ஒனக்கு அமுக்க மறந்துட்டியாக்கும். நகரு, நான் அமுக்குதேன்."

என் கை மவுஸ் மேல் இருந்தது. எடுக்கவில்லை. அக்கா என் கைக்கு மேல் கையை வைத்தாள். திரையில் அம்புக்குறி பச்சையின் ஓரம் வரை போய்விட்டது.

"அது எனக்கு வந்தது" என்றேன்.

அக்கா கையை எடுத்துவிட்டாள். முன்னால் ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். நான் இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்த ஆள் வாரத்துக்கு ஒருமுறை வருபவர்.

"என்னட்டி சொன்ன?"

திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கஷ்டம். "மெயில் எனக்கு வந்தது அக்கா. ஒங்களுக்கு வரல."

அக்கா முன்னால் போய் உட்கார்ந்தாள். ஈபி பில் கட்ட வந்தவரிடம் தப்பான நம்பரைப் போட்டுவிட்டு மறுபடி போட்டாள். மாலையில் டீ வந்தபோது என் டம்ளரை அவளே கொண்டுவந்து வைத்தாள். "மெதுவா யோசி. நாளைக்கு வரைக்கும் இருக்கு" என்றாள்.

ஜனவரி 25, வியாழன்

இன்று கடைசி நாள். சும்மா விட்டால் தானாகவே போய்விடும். சும்மா விடுவது எனக்கு நன்றாக வரும். அப்படி விட்டால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது, நெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம்.

சாம்பலை அமுக்கினேன். வருந்துகிறோம் என்று வந்தது. பரவாயில்லை என்று பதில் எழுதினேன். எழுத வேண்டாம் என்று போட்டிருந்தாலும்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி சனிக்கிழமைக்காகவே வந்து உட்கார்ந்திருந்தாள். பையில் மாற்றுச்சேலை. என்னிடம், "டோக்கன் எத்தனாவது நம்பரு?" என்றாள்.

"டோக்கன் இல்ல. வேண்டாம்னு அமுக்கிட்டேன்."

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா சித்தியைப் பார்த்தாள். யார் பேசியது என்று தேடுகிற மாதிரி இருந்தது.

"அன்னைக்கு சம்மதம்னு சொன்னேல்லாட்டி?"

"சொல்லல."

"ம்-னு சொன்ன. நானும் இவளும் சாட்சி."

"காதுல விழுதான்னு கேட்டீங்க. விழுந்துச்சு. அதான் ம்-னு சொன்னேன்."

"ம்-னா சரின்னுதான் அர்த்தம். ஊர் ஒலகத்துல யாரைனாலும் கேளு."

"எனக்கு, கேட்டுக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம்."

வாயைத் திறந்துதான் பேசினேன். பல் தெரிந்திருக்கும். சித்தி அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவங்க வீட்டுக்கு நான் என்னன்னு சொல்ல? என் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வைக்க?" என்று கேட்டாள். அது என்னிடம் கேட்டதா என்று தெரியவில்லை.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"அப்ப பத்தாப்புல, ஸ்கூல நிறுத்திரவான்னு ஒங்கிட்ட கேட்டேனே. அப்பவும் ம்-னுதான சொன்ன?"

நான் தரையைப் பார்த்தேன்.

அதை முழுதாக எழுதிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார்கள். நோட்டை விட்டுத் தலையை நிமிர்த்தாமல் பெயர் வாசிப்பார்கள். 'உள்ளேன் டீச்சர்' என்று சொல்ல வேண்டும். அதற்கு வாயை நன்றாகத் திறக்க வேண்டும், முன்பெஞ்சில் உள்ளவர்கள் அதற்காகவே திரும்பிப் பார்ப்பார்கள். நான் 'ம்' என்பேன். கடைசி பெஞ்சிலிருந்து அது போய்ச் சேராது. தினமும் போனேன், தினமும் ஆப்சென்ட். அரைப்பரீட்சை முடிந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே வருவதில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அம்மா என்னிடம் எங்கே போய்ச் சுற்றுகிறாய் என்று கேட்கவில்லை. அழுதாள். "நிறுத்திரவா?" என்று மட்டும் கேட்டாள்.

"சொல்லு. அப்ப சொன்ன ம்-முக்கு என்ன அர்த்தம்?"

"கேட்டுக்கிட்டுதாம்மா இருந்தேன்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சித்தி, "சவத்தை விடுக்கா, பழைய கதை" என்றாள். அம்மா விடவில்லை. ஆனால் வேறு எதுவும் கேட்கவும் இல்லை. இரவு சாப்பாட்டுக்கு ரசம், அப்பளம்.

ஜனவரி 27, சனி

வெறும் வயிற்றில் யாரும் எங்கும் போகவில்லை. சித்தி நேற்றுக் காலையிலேயே மாற்றுச்சேலையை மாற்றாமலே ஊருக்குப் போனாள். அம்மா தறிக்குப் போய்விட்டாள்.

பேட்டரிக் கடைக்காரர் தனியாக வந்து குறட்டைக்குப் பதிந்தார். இந்தத் தடவை அவர் பெயரில். மானிட்டரைத் திருப்பினேன். அக்கா பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். அவர் படித்துவிட்டு அவரே பச்சையை அமுக்கினார்.

பிப்ரவரி 1, வியாழன்

பல்லை எடுக்காவிட்டால் வேண்டாம் என்று புளியங்குடியில் சொல்லிவிட்டார்களாம். சித்தி போனில் அம்மாவிடம் சொன்னாள். சொன்னது செந்தூர்பாண்டியின் அம்மா. செந்தூர்பாண்டியிடம் யாராவது கேட்டார்களா என்று தெரியவில்லை. அவரும் 'ம்' என்று சொல்லியிருக்கலாம்.

அசுவினி. வேப்பெண்ணெய் போதும்.

பிப்ரவரி 3, சனி

தறி விட்டதும் அம்மா நேராகக் கடைக்கு வந்தாள். அம்மா கடைக்கு உள்ளே வந்ததே இல்லை. தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. அக்கா நாற்காலி போட்டாள். உட்காரவில்லை.

"பத்தாப்பு பரீட்சையைத் தனியா எழுதலாமாமே. தறியில ஒருத்தி மகன் எழுதுதானாம்" என்று அக்காவிடம் ஆரம்பித்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீ எழுதுதியா?"

எனக்கு வாய்க்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ம்-னு சொல்லாத. எனக்கு அது வெளங்க மாட்டேங்கு. வாயைத் தொறந்து சொல்லு. வேண்டாம்னாலும் சரிதான்."

ஈபி பில்லுக்கு மூன்று பேர் நின்றார்கள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

"எழுதுதேன்" என்றேன்.

அம்மா தலையாட்டிவிட்டு, இட்லிமாவு வாங்க வேண்டும் என்று போய்விட்டாள்.

பதிவதற்கு மெயில் ஐடி கேட்பார்கள் என்று அக்கா சொன்னாள். "கடை ஐடியைப் போட்டுக்க." நான் எனக்கென்று ஒன்று புதிதாகத் தொடங்கினேன். பேச்சியம்மாள் என்ற பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்திருந்தார்கள். பின்னால் உள்ளேன் என்று சேர்த்தேன், கிடைத்தது. இந்த முகவரி உங்களுடையதுதானா என்று ஒரு மெயில் வந்தது. யாரையும் கேட்காமல் அமுக்கினேன்.

அப்போது கரண்ட் போய்விட்டது. கடை முழுக்க இருட்டு. எல்லாம் அப்படியே போயிருக்குமோ என்று உட்கார்ந்திருந்தேன். முன்னாலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

"ஏட்டி பேச்சி, இருக்கியா, போயிட்டியா?"

"உள்ளேன் அக்கா."

"என்னது?"

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.